கீழ் இமை வெளியே புரண்டு நின்றால்…

"வயசாச்சுன்னா கண்ணுல தண்ணி வடியத்தான் செய்யும்!" இந்தப் பேச்சைக் கேட்காத வீடு எங்கள் களக்காட்டில் கிடையாது. உங்கள் ஊரிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கீரை ஆய்கிற ஆச்சிகளையும், தோளில் கிடக்கும் துண்டால் துடைத்துக்கொண்டே பேப்பர் படிக்கிற தாத்தாக்களையும் தினமும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்து நமக்கு அது பழகியும் போய்விட்டது.

கண்ணில் நீர் வடிவதற்குக் காரணங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றை மட்டும் இந்த இதழில் பார்க்கலாம். கீழ் இமை கண்ணோடு ஒட்டாமல், வெளிப்பக்கமாகப் புரண்டு, உள்சதை சிவப்பாகத் தெரிய நிற்பது. டாக்டர்கள் இதை 'எக்ட்ரோபியன்' என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இமையை 'ரெப்பை' என்போம். 'ரெப்பை புரண்டு போச்சு' என்றால் இங்கே எல்லாருக்கும் புரியும். ஆனால் அதை ஒரு வியாதி என்று நினைத்து டாக்டரிடம் போகிறவர்கள்தான் குறைவு.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. பகல் வெளிச்சம் விழும் இடத்தில் அவர்களை உட்காரவைத்து நேருக்கு நேர் பாருங்கள். நல்ல கண்ணில் கீழ் இமையின் விளிம்பு விழியோடு ஒட்டிக்கொண்டு, கருவிழியின் அடி ஓரத்தைத் தொட்டாற்போல் இருக்கும். புரண்ட இமையோ விழியை விட்டு விலகி, நடுவில் சின்னப் பள்ளம் மாதிரி இடைவெளி விட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி நிற்கும். உள்பக்கத்துச் சிவந்த சதை வெளியே தெரியும். நாள்பட்டதாக இருந்தால் அந்தச் சதை தடித்து, காய்ந்து, தோல் மாதிரி ஆகியிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, கீழ் இமைத் தோலை விரலால் மெதுவாகக் கீழே இழுத்து விடவேண்டும். நல்ல இமை உடனே 'டக்'கென்று பழைய இடத்துக்குப் போய்விடும். தளர்ந்த இமை அப்படியே நிற்கும். கண்ணை ஒரு தடவை சிமிட்டிய பிறகுதான் மேலே போகும். டாக்டர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு தடவை பார்த்தால் போதும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஆச்சியின் இமையை இழுத்துப் பார்க்க வேண்டாம்!

சரி, இமை புரண்டால் ஏன் தண்ணீர் வடிகிறது? கண்ணீர் கூடுதலாகச் சுரக்கிறது என்பதைவிட, சுரந்த நீர் போகவேண்டிய வழியில் போகவில்லை என்பதுதான் முக்கியமான விஷயம். கண்ணீர் சுரப்பி மேல் இமைக்கு உள்ளே, காதுப்பக்க ஓரத்தில் இருக்கிறது. நாம் ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் இமை அந்த நீரை விழியின்மேல் மெழுகிவிடுகிறது. மிச்ச நீர் மூக்குப்பக்க ஓரத்தில், இமை விளிம்பிலே இருக்கும் ஊசிமுனை அளவு துவாரம் வழியாக மூக்குக்குள் இறங்கிவிடும். அழுதால் மூக்கைச் சிந்துகிறோமே, அது இதனால்தான். எங்கள் ஊர் விவசாயிகளுக்குச் சொல்வதென்றால், அந்தத் துவாரம் ஒரு மடை. மடையின் வாய் குளத்துத் தண்ணீருக்குள் முங்கியிருந்தால்தானே தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும்? இமை வெளியே புரளும்போது மடைவாயும் தண்ணீரை விட்டு வெளியே திரும்பிக்கொள்கிறது. அப்புறம் குளம் கரை வழியாக வழியத்தானே செய்யும்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் காய்ந்துபோய் இருக்கும். இமை சரியாக மூடி மெழுகாததால் விழியின் கீழ்ப்பகுதியில் ஈரம் நிற்பதில்லை. அதனால் மண் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல், காற்றுப் பட்டாலே கூச்சம், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்வது. காய்ந்த கண் எரிச்சலில் இன்னும் நீரைச் சுரக்கும். வடிகிறதே என்று துடைப்போம். துடைக்கத் துடைக்க இமை இன்னும் இழுபட்டுத் தொங்கும். தொங்கத் தொங்க இன்னும் வடியும்.

ஆகவே முதலில் துடைக்கும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் எல்லாரும் கண்ணிலிருந்து கன்னத்தை நோக்கிக் கீழ்ப்பக்கமாகத்தான் இழுத்துத் துடைக்கிறார்கள். அது கூடவே கூடாது. துவைத்து வெயிலில் உலர்த்திய மெல்லிய துணியால், இமையை மேல்பக்கமாகவும் மூக்குப்பக்கமாகவும் லேசாக ஒற்றி எடுக்கவேண்டும். காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான். முந்தானை வேண்டாம். அடுப்படியில் மிளகாய்ப் பொடியும் கரியும் படாத முந்தானை யாரிடம் இருக்கிறது?

எதனால் இமை புரள்கிறது என்றால், பெரும்பாலும் வயதால்தான். இமையின் இரண்டு ஓரங்களையும் எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் நாளடைவில் தளர்ந்துவிடுகின்றன. இமையைச் சுற்றியுள்ள தசையும் பலம் குறைகிறது. நாடாக் கட்டில் நாளானால் நடுவில் தொய்ந்துவிடுமே, அதேபோலத்தான். கட்டிலின் நாடாவை இழுத்துக் கட்டுவதுபோல இமையையும் இழுத்துக் கட்ட முடியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

என் மாமியார் விஷயத்தைச் சொல்கிறேன். அவர்களுக்கு எழுபத்து நாலு வயது. இடது கண்ணில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பூ விழுந்து பார்வை போய்விட்டது. இருந்தது வலது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணில்தான் கீழ் ரெப்பை புரண்டது. பிச்சிப்பூ தொடுப்பதிலிருந்து முருங்கைக்கீரை ஆய்வது வரை எல்லாம் அந்த ஒற்றைக் கண்ணை வைத்துத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போவோம் அத்தை" என்று நான் சொல்லும்போதெல்லாம், "வாழைத்தார் வெட்டு முடியட்டும், திருநாள் முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனார்கள். இதற்கிடையில் தெருப் பையனிடம் காசு கொடுத்து ஒரு மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். விட்டவுடன் சிவப்புக் குறைந்து குளுகுளுவென்று இருந்ததாம். சீட்டு இல்லாமலே மூன்று பாட்டில் கொடுத்திருக்கிறார் அந்தக் கடைக்காரர். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து!

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. கண் டாக்டர் பார்த்து, இத்தனை நாளைக்கு என்று எழுதிக்கொடுத்தால் அது நல்ல மருந்து. நாமாகப் போட்டால் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். புரையையும் வரவழைக்கும். எல்லாவற்றையும்விட, கருவிழியில் புண் இருக்கும்போது போட்டால், முக்கியமாகக் காளான் கிருமியால் வந்த புண்ணாக இருந்தால், எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின கதைதான். நம் மாதிரி விவசாய ஊர்களில் இது ரொம்ப முக்கியம். வைக்கோல் கண்ணில் குத்தியோ வாழைச்சருகு உரசியோ கருவிழியில் காளான் புண் வருவது தென் தமிழ்நாட்டில் சாதாரணமாக நடக்கிற சங்கதி.

ஒருநாள் காலையில் அத்தை தார்சாவுக்கு வரவே மாட்டேன் என்று உள் அறையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. வலி. கருவிழியின் அடியில் கடுகளவு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறித் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்விட்டோம்.

அங்கே டாக்டரம்மா மஞ்சள் நிறச் சாயத்தைக் கண்ணில் விட்டு, நீல விளக்கில் பார்த்தார்கள். காய்ந்து புண்ணான இடம் மட்டும் பச்சையாக மின்னியது. என்னையும் பார்க்கச் சொன்னார்கள். "இமை மூடிக் காக்கவேண்டிய இடம் திறந்தே கிடந்ததால் வந்த புண் இது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஆழமாகப் போயிருக்கும். முதலில் புண்ணை ஆற்றுவோம். அப்புறம் இமையைச் சரி செய்வோம். இமையைச் சரி செய்யாவிட்டால் புண் மறுபடியும் வரும்" என்றார்கள். புண்ணைச் சுரண்டி எடுத்துக் கிருமி உண்டா என்றும் சோதித்தார்கள். நல்லவேளை, காளான் இல்லை. கடைக்கார மருந்தை நிறுத்திவிட்டு, மணிக்கொரு தரம் வேறு சொட்டு மருந்து, ராத்திரிக்குக் களிம்பு. புண் ஆறுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. "இந்த வயசுல கத்தி வைக்கணுமா? சொட்டு மருந்து போட்டே காலத்தை ஓட்டிருவோம்" என்று என் நாத்தனார். அவளைக் குறை சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருப்பது ஒற்றைக் கண் என்கிற பயம். அத்தையும், "ஏளா, எனக்கு இருக்கது ஒத்தக் கண்ணு. அதயும் கொண்டுபோய்க் கத்திக்குக் குடுக்கச் சொல்லுதியா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

நான் அத்தையை டாக்டரம்மாவிடமே கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்து காட்டினார்கள். "பாட்டி, நான் உங்க கண்ணுக்குள்ள கை வைக்கப்போறதே இல்லை. கண்ணுக்கு வெளியே இருக்கிற இமையைத்தான் இழுத்துத் தைக்கப்போறேன். வீடு அப்படியே இருக்கும், கதவை மட்டும்தான் சரி பண்ணுறோம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் அத்தைக்குத் தெம்பு வந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "கதவு சரியில்லாம வீட்ட எப்படிட்டி காக்க முடியும்?" என்று என்னிடமே சொன்னார்கள்.

ஆபரேஷனைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். பயம் எல்லாம் தெரியாததால் வருவதுதானே. வயதால் தளர்ந்த இமைக்குப் பெரும்பாலும் செய்வது இது: காதுப்பக்கத்துக் கண் ஓரத்தில் சின்னதாகக் கீறி, தளர்ந்து நீண்டுபோன இமையின் ஓரத்தைக் கொஞ்சம் குறைத்து, அதைக் கண்குழி எலும்பின் மேலுறையோடு இழுத்துத் தைத்துவிடுகிறார்கள். ரவிக்கை தொளதொளவென்று ஆனால் பக்கத்துத் தையலைப் பிடிக்கிறோமே, அதுதான். முழு மயக்கம் தேவையில்லை. இமையில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டே செய்கிறார்கள். ஊசி போடும் ஒரு நிமிஷம் சுரீரென்று வலிக்கும், அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். பிறகு இழுக்கிற உணர்வு மட்டும்தான். அத்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. உள்ளே படுத்துக்கொண்டு நர்ஸிடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்களாம்!

போவதற்கு முன் ஒன்று கவனிக்கவேண்டும். இருதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் (ஆஸ்பிரின் மாதிரி) அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லவேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். சர்க்கரை, பிரஷர் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு நாள் சுத்தமான துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி இமைமேல் லேசாக ஒற்றி எடுத்தேன். இமை கன்னி, நீலம் பாரித்துக் கன்னம் வரை இறங்கியிருந்தது. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறைந்துவிடும். தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்கவேண்டும். குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, கண்ணைக் கசக்குவது எல்லாம் கூடாது. தையலைச் சுமார் ஒரு வாரத்தில் பிரித்தார்கள். ஆரம்பத்தில் இமை கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக் கட்டினாற்போல் தெரியும். "என்ன இது, கண்ணு பூனைக்கண்ணு மாதிரி ஆயிட்டு" என்று அத்தை கண்ணாடியைப் பார்த்து முணுமுணுத்தார்கள். சில வாரங்களில் சரியாகப் படிந்துவிட்டது. ஆனால் ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ வலி திடீரென்று தாங்க முடியாமல் போனாலோ, கண் பிதுங்கினாலோ, பார்வை மங்கினாலோ நடுராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இமைக்குப் பின்னால் இரத்தம் கட்டுவது அபூர்வம்தான், வந்தால் தாமதிக்கக் கூடாது.

வருஷங்கள் போனால் சிலருக்கு இமை மறுபடியும் தளரலாம். அதையும் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். இப்போதைக்கு அத்தை பூ தொடுக்கிறார்கள். நீர் வடிவது நின்றுவிட்டது என்று முழுக்கச் சொல்லமாட்டேன். மார்கழிக் குளிர்காற்றில் கொஞ்சம் கசியத்தான் செய்கிறது. புண் திரும்பி வரவில்லை.

அது வயதால் வரும் வகை. இளம் தாய்மார்களும் தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொரு வகை, முகவாதத்தால் வருவது. முகத்தின் ஒரு பக்கத்து நரம்பு திடீரென்று செயலிழந்து, வாய் கோணி, கண் மூடாமல் போய்விடும். கீழ் இமையும் தொங்கிவிடும். காற்று அடித்துவிட்டது, முனி அடித்துவிட்டது என்று மந்திரிக்கப் போவார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவம் ஆன முதல் வாரங்களிலும் இது வருவதற்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் அப்படியே. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குணமாகிவிடும். ஆனால் டாக்டர் கொடுக்கும் மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அதனால் மந்திரிப்பதாக இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போய் மந்திரித்துக்கொள்ளுங்கள்! முகம் கோணியதோடு கை கால் பலமிழந்தாலோ பேச்சுக் குழறினாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

முகவாதம் குணமாகும்வரை கண்ணைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி களிம்பு போட்டு, இமையை மூடி மேலே மெல்லிய பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். பஞ்சை நேராகக் கண்மேல் வைத்துக் கட்டினால் உள்ளே இமை திறந்து, பஞ்சே கருவிழியை உரசிவிடும். எப்படி ஒட்டுவது என்று நர்ஸிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

முக நரம்பைக் கெடுக்கிற இன்னொரு வியாதி தொழுநோய். இந்தப் பேரைச் சொன்னாலே நம் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆனால் சொல்லாமல் விடுவது சரியில்லை. தொழுநோயில் இமை மூடாமல், புரண்டு, அதோடு கருவிழியில் உணர்ச்சியும் இல்லாமல் போனால் தூசி விழுந்தாலும் தெரியாது. உறுத்தல் தெரியாததால் சிமிட்டவும் மாட்டார்கள். இப்படித்தான் அந்தக் காலத்தில் பலர் பார்வை இழந்தார்கள். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேய டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திப் பேர் பெற்றவர். மூடாத கண்களுக்கும் வேலூரில் ஒரு ஆபரேஷன் செய்தார்கள். நெற்றிப்பொட்டில் இருக்கும் மெல்லுகிற தசையிலிருந்து ஒரு நாடாவை இமைக்குக் கொண்டுவந்து பொருத்திவிடுவது. நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும்! எதையாவது மென்றுகொண்டே இருந்தால் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு இதைப் படித்தபோது மனிதன் மூளையை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்த நிலைக்குப் போகவேண்டியதே இல்லை. மருந்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். உணர்ச்சியில்லாத வெளுத்த தேமல் வீட்டில் யாருக்காவது இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள்.

அடுத்தது, சூடு பட்டோ காயம் பட்டோ வரும் வகை. அடுப்படி நம் ராஜ்யம் என்பதால் இது நமக்குச் சொந்தமான விஷயம். கொதிக்கிற எண்ணெய், தீபாவளி வெடி, கக்கூஸ் கழுவும் ஆசிட் இவை முகத்தில் பட்டால், தோல் ஆறும்போது சுருங்கி இமையைக் கீழே இழுத்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பும் சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குப் பெரிய எமன். சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம். ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். சுண்ணாம்போ ஆசிடோ பட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால், இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு நல்ல தண்ணீரால் அரைமணி நேரமாவது கழுவுங்கள். குழாயடியோ வாளியோ எதுவானாலும் சரி. பிள்ளை கத்தினாலும் விடாமல் கழுவவேண்டும். பால், எண்ணெய் எதையும் ஊற்றவேண்டாம். பிறகு தழும்பு இமையை இழுத்துவிட்டால், அந்தத் தழும்பை விடுவித்து, காதுக்குப் பின்னாலிருந்தோ மேல் இமையிலிருந்தோ கொஞ்சம் தோலை எடுத்து ஒட்டுவார்கள். இதற்கு எத்தனை மாதம் காத்திருப்பது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். கருவிழி திறந்து கிடந்தால் காத்திருக்க மாட்டார்கள்.

இமையில் கட்டி வந்து, அதன் பாரத்தாலோ இழுப்பாலோ புரள்வதும் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி, ஆறாத புண், அந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சும்மா இருக்காதீர்கள். இமையில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்று மேல்நாடுகளைவிட நம் நாட்டில் அதிகம் காணப்படுகிறது. அது சாதாரணக் கண்கட்டி வேஷத்தில்தான் வரும். துளி சதை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

பிறந்த குழந்தைக்கு இமை புரண்டிருப்பது அபூர்வம். மெழுகு பூசினாற்போல் பளபளவென்று இறுகிய தோலோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு இப்படி இருக்கும். அது ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கவேண்டிய விஷயம். வீட்டில் எண்ணெய் தடவித் தேய்த்து விடாதீர்கள்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் என்று கண்ணுக்கு நம்மிடம் எத்தனையோ கைவைத்தியம் உண்டு. சீரகம், மிளகு விஷயத்தில் கைவைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. வயிற்றுக்குள் போவது வேறு, திறந்து கிடக்கும் கருவிழியில் விடுவது வேறு. பூவிலும் பாலிலும் கிருமி இல்லை என்று யார் பார்த்தார்கள்? புரண்ட இமை எந்தச் சாற்றாலும் நிமிராது. நார் தளர்ந்ததைச் சாறு எப்படி இழுத்துக் கட்டும்?

எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பாளையங்கோட்டையில் 1965-லிருந்து நடக்கும் அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988-ல் வந்தது. அதை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமி நம் பக்கத்துக்காரர்தான். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும், அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் பதினோரு படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். 2006-ல் காலமானார். எந்த ஊராக இருந்தாலும், இமை ஆபரேஷனில் தேர்ந்த டாக்டர் எந்தக் கிழமையில் வருவார், செலவு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

போன மாதம் வள்ளியூரிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருந்தார்: தன் அம்மா கண் அழுத்தத்துக்கு வருஷக்கணக்காகச் சொட்டு மருந்து போடுகிறார்கள், இப்போது இமைத் தோல் சிவந்து தடித்து, கீழ் இமை லேசாக வெளியே திரும்பியிருக்கிறது, மருந்தை நிறுத்திவிடலாமா என்று. நிறுத்தாதீர்கள் சகோதரி. அழுத்தத்துக்கான சில சொட்டு மருந்துகள் சிலருக்கு ஒவ்வாமல், இமைத் தோலைச் சுருங்கச் செய்து இப்படி இழுத்துவிடுவது உண்மைதான். ஆனால் மருந்தை நாமாக நிறுத்தினால் அழுத்தத்தால் போகிற பார்வை திரும்பி வராது. இந்த வாரமே, போடுகிற பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மருந்தை மாற்றிக்கொடுத்தால் இமை தானாகவே சரியாகிவிடவும் கூடும். அதுவரை துடைப்பது மேல்பக்கமாக, மூக்குப்பக்கமாக.